பாறை விளிம்பில் ஒரு சண்டை

நார்வேயின் வடகோடியில் இருந்த அந்தக் கடலோரத் தேசியப் பூங்காவில், பறவைகள் குஞ்சு பொரிக்கும் மாதங்களில் மின்கருவி எதற்கும் அனுமதியில்லை. கோவில்பட்டி செண்பகவல்லியும் அவள் மருமகள் இங்ரிதும் காதில் மாட்டியிருந்த மொழிபெயர்ப்பானை வாசலிலேயே கழற்றிக் கொடுத்தார்கள். ஏழு வருடமாக இருவரும் அதன் வழியாகத்தான் பேசிவந்தார்கள். இங்ரித் எதைச் சொன்னாலும், "அத்தை, தாங்கள் சாப்பிடுகிறீர்களா?" என்பது போன்ற பதவிசான தமிழாகத்தான் வந்து சேரும். மகன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் செண்பகவல்லி விருந்தாளியைப் போலவே இருந்துவிட்டுப் போவாள்.

வழிகாட்டி எல்லாரையும் பாறைமேட்டுக்கு அழைத்துப்போனார். குளிர்காற்று ஆளைத் தள்ளியது. கீழே பாறை இடுக்குகளில் ஆயிரக்கணக்கான பறவைகள் உட்கார்ந்திருந்தன. சரியாகப் பார்க்க வேண்டுமென்று செண்பகவல்லி தடுப்புக் கயிற்றைத் தாண்டி இரண்டடி வைத்தாள்.

இங்ரித் பாய்ந்து அவள் கையைப் பிடித்து இழுத்தாள். முகம் சிவக்கக் கத்தினாள். செண்பகவல்லிக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆனால் கரகரத்த அந்தக் குரல் நடுங்கியது, கண்ணில் நீர் நின்றது.

"ஏட்டி, எனக்குக் கண்ணு தெரியாதா? நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்று இவளும் பதிலுக்குக் கத்தினாள். மருமகளை அவள் பெற்ற மகளைப்போல 'ஏட்டி' என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

இரண்டு மொழியில் சண்டை நடந்தது. வழிகாட்டி திகைத்து நின்றார். முதலில் சிரித்தது இங்ரித்தான்.

இறங்கும்போது காற்று இன்னும் கூடியது. அத்தையின் கையைப் பிடித்துவந்த இங்ரிதின் பிடி இறுகி விரல்கள் வலித்தன. செண்பகவல்லி கையை விலக்கிக்கொள்ளவில்லை.