கீறலை மூடிய வேகம்

முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. மகள் திரையைக் காட்டி விளக்கினாள்.

"தட்டுல வளர்த்த தோல் செல்களுக்கு நடுவுல ஒரு கீறல் போட்டேன். ரெண்டு ஓரத்துலேர்ந்தும் செல்கள் ஊர்ந்து வந்து அதை மூடுது, பாருங்க."

கடைசி வரிசையில் அம்மா, அப்பாவை முழங்கையால் இடித்தாள். "எப்படி முண்டியடிச்சுக்கிட்டு ஓடுது பாத்தீங்களா!"

"சாதிச்சது உன் பொண்ணு. என்னவோ நீயே ஓடி ஜெயிச்ச மாதிரி பூரிச்சுப் போறியே!"

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார். "இது அறுபத்தெட்டு வயசுக்காரங்க தோல்னு எழுதியிருக்கீங்க. அந்த வயசுல செல்கள் இவ்வளவு வேகமா நகராதே! தட்டு ஏதாவது மாறிப்போச்சா?"

"மாறல சார்."

"அப்ப தோல் கொடுத்தது யாரு?"

"அதை நான் சொல்லக் கூடாது சார். ரகசியம் காக்கிறதா கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"பின்னே நான் எப்படி நம்புறது?"

கடைசி வரிசையில் நாற்காலி கிறீச்சிட்டது. அம்மா எழுந்து, கையை உயர்த்தி, முழங்கைக்கு மேலே இருந்த சின்னத் தழும்பை எல்லாருக்கும் தெரியும்படி காட்டினாள். அப்பா வாயைப் பிளந்தார்.

"அவதான் சொல்லக் கூடாது, நான் சொல்லலாம். சந்தேகம்னா இன்னொரு துண்டு எடுத்துக்குங்க சார். நீங்களே கீறி, ஓடவிட்டுப் பாருங்க!"