கழற்றாத லென்ஸ்

"இன்னிக்கும் லென்ஸ் போட்டுட்டுத்தான் வந்திருக்கீங்களா?"

கண் டாக்டரம்மா கையிலிருந்த டார்ச்சை மேஜைமேல் வைத்தார். வைத்த சத்தத்திலேயே அவருடைய எரிச்சல் தெரிந்தது.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பக்கத்தில் நின்ற கணவனுக்குத்தான் பொறுக்கவில்லை.

"நல்லா கேளுங்க டாக்டர்! மூணாவது தடவையா லீவு போட்டுட்டு வரேன். 'கழட்டினியா'ன்னு கேட்டா 'ம்'ங்கறா. இங்க வந்து பார்த்தா கண்ணுக்குள்ள ஜம்முனு உட்கார்ந்திருக்கு!"

"இது சாதா லென்ஸ் இல்லம்மா, கெட்டி லென்ஸ்" என்றார் டாக்டர். "உங்க கருவிழி கூம்பு மாதிரி முன்னால தள்ளிக்கிட்டு வருது. அதை இது அழுத்தி வேற வடிவத்துல வெச்சிருக்கு. கண்ணாடியைவிட இதுல தெளிவா தெரியறது அதனாலதான். கழட்டின கையோட அளந்தா கருவிழி அளவும் தப்பா வரும், கண் பிரஷரும் தப்பா வரும். போன தடவை பிரஷர் கூடுதலா காட்டிச்சு. அது லென்ஸாலயா, இல்ல நிஜமாவே கூடியிருக்கான்னு தெரியாம நான் என்ன மருந்து எழுதறது? நிஜமா இருந்தா உள்ள இருக்கற நரம்பு கெட்டுப்போகும். போன பார்வை திரும்பாதும்மா. ரெண்டு வாரம் கழட்டி வெச்சுட்டு வாங்கன்னு அதுக்குத்தானே தலைதலையா அடிச்சுக்கறேன்!"

"கண்ணாடி போட்டா இவ அழகு குறைஞ்சிடுமாம் டாக்டர்! வீட்டுல இருக்கறவளை யார் பார்க்கப்போறா? சோடாபுட்டின்னு நானா கிண்டல் பண்ணப்போறேன்?"

"நேத்து ராத்திரி படுக்கறப்போ கண்ணாடி மாட்டினதுக்குக்கூட பண்ணீங்க" என்றாள் அவள் மெல்ல.

"அது சும்மா விளையாட்டுக்கு!"

டாக்டருக்குச் சிரிப்பு வரவில்லை.

"சார், நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. நீங்க சொல்லும்மா. கண்ணைவிடவா அழகு பெரிசு?"

"அழகுக்காக இல்ல டாக்டர்..." அவள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டாள். "கண்ணாடி போட்டா எதிர்ல நிக்கறது யாருன்னு தெரியுது. அவங்க உதடு தெரியல."

"உதடா?"

"என் மாமியாருக்குத் தொண்டையில ஆபரேஷன் பண்ணினதுல குரல் போயிடுச்சு. அவங்களுக்கு எழுதவும் தெரியாது. வாயை மட்டும் அசைப்பாங்க, நான் பார்த்துப் புரிஞ்சுக்குவேன். வலிக்குதுன்னாலும் என்கிட்டதான், பக்கத்து வீட்டு வம்புன்னாலும் என்கிட்டதான். முதல் தடவை நீங்க சொன்னதும் கழட்டத்தான் செஞ்சேன். மறுநாளே அத்தை ஏதோ சொன்னாங்க. எனக்கு மங்கலாத்தான் தெரிஞ்சுது. திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாங்க. அப்புறம் சுவர் பக்கமா திரும்பிப் படுத்துட்டாங்க. எனக்கு மனசு கேக்கல டாக்டர். எடுத்து மாட்டிக்கிட்டேன்."

கணவனின் குரல் இறங்கியது.

"இதை ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"சொன்னா வீட்டுல போய்க் கத்துவீங்க. தன்னாலதான் என் கண்ணு கெடுதுன்னு தெரிஞ்சா அத்தை வாயை அசைக்கறதையே நிறுத்திடுவாங்க. சாமி கும்பிடறப்போ அவங்க உதட்டுல முதல்ல வர்றது உங்க பேருதாங்க. அதையாவது யாராவது பார்க்க வேண்டாமா?"

டாக்டர் நாற்காலியை அவன் பக்கம் திருப்பினார்.

"ரெண்டே வாரம் சார். இவங்க லென்ஸைக் கழட்டட்டும். அதுவரைக்கும் உங்கம்மா சொல்றதை நீங்க பார்த்துக் கேட்டுக்குங்க."

"அம்மா சொல்றது எனக்குப் புரியாதே டாக்டர்."

"அப்போ இத்தனை நாளா அவங்க உங்ககிட்ட ஏதாவது சொன்னா என்ன பண்ணுவீங்க?"

அவன் மனைவியைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

"புரிஞ்ச மாதிரி தலையாட்டிட்டுப் போயிடுவேன்."