தானா வருமா பேச்சு?

"ஏனுங்க, தன்ஷிகாவுக்கு மூணு வயசாச்சு. இன்னும் வாய் திறக்கலீங்களே!" மைனாவதியின் கண்கள் கலங்கின.

தனபால் சிரித்தான். "கன்னுக்குட்டிக்குக் கத்த ஆரு சொல்லிக் குடுத்தாங்க? தானா வரும் அம்மணி."

"சொல்லிக் குடுக்காம எப்படீங்க வரும்?"

"உன்ற வாய்க்குப் பொறந்துபோட்டு, பேசாமயா போயிரும்?"

நடுவே வந்து நின்ற குழந்தை, இரு கைகளையும் குறுக்கே அசைத்துவிட்டு வயிற்றைத் தட்டியது. 'சண்டை வேண்டாம், பசிக்குது.'

மைனாவதியின் கைகள் அப்படியே நின்றன.

நூல் மில்லின் இரைச்சலில் கைஜாடையால் பேசிப் பழகியவர்களுக்கு வீட்டிலும் அதுவே பேச்சாகியிருந்தது. இந்த வாக்குவாதத்திலும் இருவரும் ஒரு சொல்கூட வாய்விட்டுச் சொல்லவில்லை.

"கண்ணு..." என்று குரலெடுத்துக் கூப்பிட்டான் தனபால்.

அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறதென்று குழந்தை சுற்றிலும் தேடியது.