எல்லாரும் பாஸ்

“ஊதுற டெஸ்ட்டை எடுத்துடலாம்” என்றார் மேனேஜர், ஏதோ பழைய காலண்டரைச் சுவரிலிருந்து கழற்றச் சொல்வதுபோல.

மேசையைச் சுற்றி மூன்று பேர். பர்சனல் மேனேஜர், வாரம் ஒருநாள் வந்துபோகும் கம்பெனி டாக்டர், அப்புறம் அவள். பாதுகாப்புப் பிரிவில் உதவியாளர். ஆபீஸில் அவளுக்குப் பட்டாசு என்று பேர். அவள் இல்லாதபோதுதான் சொல்வார்கள்.

வருஷாந்தர மருத்துவப் பரிசோதனைக்கு வேன் ஒரே ஒரு நாள்தான் வரும். நுரையீரலைப் பார்க்கக் குழாயில் ஊதச் சொல்லும் டெஸ்ட்டும் அதில் ஒன்று. ஆளுக்குப் பத்து நிமிஷம். அதற்குமேல் யாரும் மெஷினை விட்டு நகரக்கூடாது.

இந்த வருஷம் கண்ணையும் ஈசிஜியையும் புதிதாகச் சேர்க்க வேண்டுமாம். அப்படியானால் ஏதாவது ஒன்று வெளியே போக வேண்டும்.

“கம்ப்யூட்டரை முறைச்சுப் பாக்குற நமக்குக் கண் டெஸ்ட். அவங்களுக்கு ஒண்ணுமில்லை. அப்படித்தானே சார்? கிரைண்டிங் செக்‌ஷன்ல அந்தத் தூசியில ஒரு மணி நேரம் நின்னுட்டு வாங்க. வந்து எதை வேணா எடுங்க” என்றாள் அவள்.

மேனேஜருக்குக் கோபம் வரவில்லை. சிரித்தார். அவளுக்கு அதுதான் பற்றிக்கொண்டு வந்தது.

“எல்லாரும் பாஸ் ஆகுற பரீட்சையை எதுக்கும்மா வருஷா வருஷம் வைக்கணும்?”

தாள்படி பார்த்தால் அவர் சொல்வது சரிதான். கிரைண்டிங்கில் பதினெட்டுப் பேர். போன வருஷம் பதினெட்டுப் பேருக்கும் நார்மல். ஒருவருக்காவது கோளாறு என்று வந்திருந்தால் அந்தப் பரிசோதனையை எடுக்கவே முடியாது. கம்பெனி விதி அப்படி.

ஒரே ஒருவர் போதும்.

அந்தப் பதினெட்டுப் பேரை அவளுக்குத் தெரியும். கேன்டீனுக்கு ஏறும் படிக்கட்டின் நடுவில் ஒரு நோட்டீஸ் போர்டு உண்டு. தினமும் அங்கே நின்று, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, கவனமாகப் படிப்பார்கள். எட்டு மாதமாக அதில் ஒரே நோட்டீஸ்தான்.

டாக்டர் போன வருஷத்துக் கோப்பைப் பிரித்தார். அவளை எப்படியாவது சமாதானப்படுத்திவிட வேண்டும் என்று பார்த்தார்.

“பதினொண்ணாம் நம்பரைப் பாரும்மா. அம்பத்தி நாலு வயசு. இருபத்தி ரெண்டு வருஷம் கிரைண்டிங். தொண்ணூத்தி ரெண்டு சதவீதம். எனக்கே வராது.”

மேனேஜர் தொண்டையைச் செருமினார்.

“டாக்டர், அது இவங்க அப்பா. நாலு மாசத்துக்கு முன்னாடி தவறிட்டாரு.”

டாக்டரின் விரல் அந்த வரியிலேயே நின்றது. கண்ணாடியைக் கழற்றினார். உண்மையிலேயே நல்ல மனிதர். அவளால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

“மன்னிச்சுக்கம்மா. ஆனா ஒண்ணு, மனசைத் தேத்திக்கோ. மூச்சுக்குத் திண்டாடி, கஷ்டப்பட்டெல்லாம் போயிருக்க மாட்டார். லங்க்ஸ் அவ்வளவு நல்லா இருந்திருக்கு.”

கடைசி ஆறு மாதம் அப்பா படுக்கவே இல்லை. நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, அதன் முதுகில் இரண்டு கைகளையும் மடித்து வைத்து, அதன்மேல் நெற்றியைச் சாய்த்துத் தூங்கினார். தூங்கியதாகச் சொன்னார்.

அம்மா பக்கத்து க்ளினிக்கில் முதலில் நீட்டியது இந்தத் தாளைத்தான். கசங்காமல், பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துப் போனாள். பெரிய கம்பெனி கொடுத்த தாள் அல்லவா. நுரையீரல் நன்றாக இருக்கிறது, இதயமாகத்தான் இருக்கும் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அப்பா ஒருவேளைகூடத் தவறவிடவில்லை.

மேனேஜர் படிவத்தை அவள் பக்கம் தள்ளினார். “ஆட்சேபணை இருந்தா காரணத்தை எழுதும்மா. இல்லேன்னா கையெழுத்துப் போட்டுடு. வேன்காரனுக்கு இன்னைக்கே சொல்லணும்.”

காரணம் என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடுகள். காலி.

என்ன எழுத வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். எழுதினால் நாளைக்கு இந்த நாற்காலி அவளுக்கு இல்லை என்பதும் தெரியும். குடும்பத்தில் முதன்முதலாக ஒருத்தி படித்து வந்து உட்கார்ந்த நாற்காலி.

போன வருஷம் வேனுக்குள் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பேர் கூப்பிட்டவள் அவள்தான். அப்பா இரண்டு தடவை ஊதினார். இரண்டு தடவையும் பாதியிலேயே இருமல் வந்து மெஷின் கத்தியது. மூன்றாவது தடவைக்குள் காகிதச் சுருள் தீர்ந்துபோக, டெக்னீஷியன் எடுத்துவர இறங்கிப் போனான்.

அப்பா குழாயைக் கையில் பிடித்தபடி அவளைப் பார்த்தார். மார்க் குறைந்த பையன்போல ஒரு சிரிப்பு.

“பெயிலானா வாசல் பெருக்க அனுப்பிடுவானுங்கம்மா. உனக்குத்தான் பரீட்சைன்னா பயமே கிடையாதே. அப்பனுக்காக ஒண்ணு எழுதேன்.”

அவள் படிவத்தை இழுத்துப் பேனாவை எடுத்தாள். எழுத்து குண்டுகுண்டாக, அப்பாவுக்குப் பிடித்த மாதிரியே விழுந்தது.

‘பதினொன்றாம் எண்ணில் இருப்பது என் மூச்சு.’