அண்ணனின் சாம்பல் கோட்டு

அண்ணன் பீரோவிலேயே சாவியை மறந்துவிட்டுப் போனது அன்றுதான் முதல் தடவை. தம்பி அதையே பார்த்துக்கொண்டு நின்றான். கதவைத் திறந்தால், உள்ளே ஹேங்கரில் அந்தச் சாம்பல் நிறக் கோட்டு.

"அண்ணி, என் நீலச் சட்டை எங்க? ஒரு வாரமா தேடறேன்" என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தான். பேசிக்கொண்டே இருந்தால் அவள் இங்கே எட்டிப் பார்க்க மாட்டாள் என்று ஒரு கணக்கு.

"கொடியில இருந்து காத்து அடிச்சுட்டுப் போயிருக்கும். வெள்ளைச் சட்டை தேய்ச்சு வச்சிருக்கேன், அதைப் போடுங்க தம்பி. இன்டர்வியூக்கு வெள்ளைதான் எடுப்பா இருக்குமாம்."

"யார் சொன்னா?"

"யாரோ சொன்னாங்க."

இரண்டு மாதமாக அந்த வீட்டில் அண்ணனுக்கு 'யாரோ' என்றுதான் பெயர். ஆண்கள் துணிக்கடையில் விற்பனையாளன் அவன். "இப்படிக் கசங்கின சட்டையில போனா எவன்டா வேலை குடுப்பான்?" என்று அவன் கேட்கப்போக, "பொம்மைக்குப் பேன்ட் மாட்டிவிடறவன் எனக்குப் புத்தி சொல்ல வேண்டாம்" என்று தம்பி எகிறிவிட்டான்.

அண்ணன் முகம் சுண்டிப்போனது. அன்றோடு பேச்சு நின்றது. "சாப்பிட்டானான்னு கேளு" என்று அண்ணன் சுவரிடம் சொல்வான். "ஆச்சுன்னு சொல்லுங்க" என்று தம்பி கூரையிடம் சொல்வான். நடுவில் அண்ணிக்குத்தான் வாய் வலித்தது.

அப்படிப்பட்ட அண்ணனின் கோட்டைத்தான் தம்பி இப்போது திருடப் போகிறான். அதுவும் கல்யாணத்துக்குத் தைத்தது, அதற்கப்புறம் வேறு யார் கையும் படாதது. நாளைக் காலையில் அண்ணனுக்கே அது வேண்டும். கடையில் மேனேஜர் வேலைக்கு முதலாளி அவனைக் கூப்பிட்டுப் பேசப் போகிறார். எத்தனை வருஷக் காத்திருப்பு!

சாயங்காலம் அவன் வருவதற்குள் திரும்ப ஹேங்கரில் மாட்டிவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? தம்பி வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடிக் கோட்டுக்குள் கையை நுழைத்தான்.

கண்ணாடியில் நின்றவனை அவனுக்கே அடையாளம் தெரியவில்லை. தோள் தையல் தோளில் உட்கார்ந்திருந்தது. கோட்டுக் கைக்குக் கீழே வெள்ளைச் சட்டை அரை விரல் எட்டிப் பார்த்தது. அண்ணன் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லிச் சொல்லி, அந்த வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடமான அரை விரல்.

கல்யாணத்தன்று தம்பி விளையாட்டாக இதை மாட்டிப் பார்த்தபோது கை விரல் நுனி வரை தொங்கியது. "பென்குயின்!" என்று அண்ணி விழுந்து விழுந்து சிரித்தாள். அண்ணனுக்கு ஸ்டூல் போடாமலே பரணைத் துழாவுகிற கை. தம்பிக்கு அந்த நீளம் ஏது? 'நிமிர்ந்து நின்னா துணி தானா உட்காரும்' என்று அண்ணன் சொல்வது இதுதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

கோட்டைக் கழற்றி ஒரு பையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு நழுவினான்.

"பையில என்ன தம்பி?"

"ஃப்ரெண்டோட துணி அண்ணி. திருப்பிக் குடுக்கணும்."

"பார்த்து, கசங்காம கொண்டு போங்க."

நேர்முகத் தேர்வில் எல்லாம் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி இறங்கியது. அவன் உள்ளே நுழைந்ததும் ஒருவர் பாதி எழுந்து, "உட்காருங்க சார்" என்றார். பிறந்ததிலிருந்து அவனை யாரும் சார் என்றதில்லை. பதில்கள் கோட்டுக்குள்ளிருந்து வந்தன. கடைசியில், "திங்கட்கிழமை வந்துடுங்க" என்று கை கொடுத்தார்கள்.

வேலை கிடைத்துவிட்டது. ஆனால் பஸ்ஸில் திரும்பும்போது சந்தோஷம் மட்டும் ஏறவில்லை. 'சார்' என்றது எனக்கா, அண்ணன் கோட்டுக்கா? பொம்மைக்கு மாட்டிவிடுகிறவன் என்று சொன்ன வாய்! இன்றைக்கு அந்தப் பொம்மையே நான்தானே? முள் மேல் உட்கார்ந்திருப்பது போல் நெளிந்தான்.

வீட்டுக்குள் நுழைந்தால், அண்ணன் சீக்கிரமே வந்திருந்தான். தரையில் உட்கார்ந்து நாளைக்கான ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் காலி ஹேங்கர்.

பொய் நாக்கு வரை வந்தது. விழுங்கிவிட்டான்.

"அண்ணா" என்றான், இரண்டு மாதத்துக்கப்புறம். "தப்புப் பண்ணிட்டேன். நாளைக்கு உனக்கு வேணும்னு தெரிஞ்சேதான் எடுத்தேன். அன்னைக்குப் பேசினதும் தப்பு. வேலை கிடைச்சிருச்சு, ஆனா மனசே ஆறல. ஒரு சுருக்கம் இல்ல பாரு. போட்டுப் பாரேன், ப்ளீஸ்."

அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, கோட்டை வாங்கி மாட்டினான். மணிக்கட்டு மொத்தமும் வெளியே நின்றது. சின்னப் பையன் உடுப்பை வளர்ந்தவன் போட்டது மாதிரி இருந்தது.

தம்பி கோட்டுக் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். "ஐயையோ, சுருங்கிப் போச்சா? நான் நனைக்கக்கூட இல்லையே அண்ணா! நாளைக்கு நீ எப்படிப் போவே?"

"முதலாளிக்கு என்னைத் தெரியும்டா. சட்டையோட போனாலும் தெரியும்" என்று கோட்டைக் கழற்றி அவன் தோளில் போட்டான் அண்ணன். சமையலறைக் கதவோரம் அண்ணி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"டெய்லர்கிட்ட கோட்டோட உன் நீலச் சட்டையைத்தான் அளவுக்குக் குடுத்தேன். கை சரியா இருந்துச்சாடா?"