வசதிக்கு ஒரு வயது

தீர்ப்பு சொல்லும் முன் நீதிபதி அவளைத்தான் கூப்பிட்டார். கூண்டில் நின்ற மகனை விட்டுவிட்டு, கடைசி பெஞ்சில் பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்த தாயை.

விஷயம் இதுதான். பையன் பைக் திருடி மாட்டியது இது மூன்றாம் முறை. அவன் மறுக்கவும் இல்லை. திருடிய அன்று பதினெட்டு முடியவில்லை என்றால் சிறுவர் இல்லம், சில மாதத்தில் வீடு. முடிந்திருந்தால் பெரியவர்களோடு ஜெயில், மூன்று வருடம். முடிந்துவிட்டது என்றது பள்ளிக்கூடச் சான்றிதழ்.

அந்தச் சான்றிதழில் இருந்த வயது அவளுடைய கைவண்ணம்.

பள்ளியில் மதியச் சாப்பாடு போடுகிறார்கள் என்று காதில் விழுந்த அன்றே, மழலை மாறாத பிள்ளையைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய், ஐந்து முடிந்துவிட்டது என்று கூசாமல் சொல்லிச் சேர்த்துவிட்டாள்.

அவளை மாதிரி ஒரு கெட்டிக்காரி உண்டா? பஸ்ஸில் ஏறினால் அவனுக்கு எப்போதும் மூன்று வயதுதான். கண்டக்டர் முறைத்தால், வளர்த்தி அப்படி, அப்பன் ஜாடை என்பாள். மெக்கானிக் கடையில் வேலைக்கு விட்டபோது ஒரே ராத்திரியில் பதினாறு ஆகிவிட்டான். சாவியில்லாமல் வண்டியைக் கிளப்பும் வித்தையை அவன் கற்றுக்கொண்டது அங்கேதான். அந்தப் புண்ணியமும் அவளையே சேரும்.

லாட்ஜில் படுக்கை விரிப்பு துவைத்துப் பிழைக்கிறவளுக்கு, இஷ்டத்துக்கு நீட்டவும் சுருக்கவும் பிள்ளையின் வயதைத் தவிர வேறென்ன இருந்தது?

வக்கீல் வாசலிலேயே சொல்லிக் கொடுத்திருந்தார். வீட்டில்தான் பெற்றேன், பள்ளியில் ஒரு வயது கூட்டிச் சொல்லிவிட்டேன் என்று அழ வேண்டும். அழுகைதான் சரியாக வரவில்லை. பொய் வழக்கம்போல வழுக்கிக்கொண்டு வந்தது.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். இந்தக் கோர்ட்டுக்கு வருகிற தாய்மார்கள் எல்லாருமே வீட்டில்தான் பெற்றிருக்கிறார்கள் என்றார். யாரோ சிரித்தார்கள். பாழாய்ப்போன வாய், அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பிரசவத்தின்போது கூட இருந்தவர்கள் யாராவது வந்து சொன்னால் சரி, இல்லையென்றால் சான்றிதழில் உள்ளதுதான் வயது என்றார். பிறப்பே தெரியாத பிள்ளை என்றால் டாக்டர் எலும்பைப் பார்த்துச் சொல்வார். பெற்றவள் குத்துக்கல்லாட்டம் எதிரில் நிற்கும்போது அதற்கு வழியில்லை.

"பெத்தவங்க நீங்க. எங்க, எப்போ பெத்தீங்க? இதையாவது நிஜமா சொல்லுங்கம்மா."

நாக்கு நுனியில் நாலைந்து பொய்கள் வந்து நின்றன. ஒன்றும் தேறவில்லை.

கூண்டைப் பார்த்தாள். மகன் லேசாகத் தலையை ஆட்டினான், தைரியமாகச் சொல்லும்மா என்பதுபோல. உலகத்தில் அவன் நம்பிய ஒரே ஆள் இந்தப் பொய்க்காரிதான்.

வாய் திறந்தபோது குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

"தெரியாதுங்கய்யா. ரூமைக் காலி பண்ணிட்டுப் போனவங்க விட்டுட்டுப் போயிட்டாங்க. விரிப்பு எடுக்கப் போனப்ப கட்டில்ல கெடந்தான். அப்பவே நாலு பல்லு இருந்துச்சு."

பையனை டாக்டரிடம் அனுப்பச் சொல்லி நீதிபதி எழுத ஆரம்பித்தார்.

எந்த முகத்தை வைத்துக்கொண்டு இனி கூண்டுப் பக்கம் திரும்புவது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.