நேரில் சொன்னவரின் சம்மதம்

"நாற்பதுக்கு மேல ஒண்ணு வந்தாலும் கட்டுரையைத் திருப்பி அனுப்பிடுவாங்க, டாக்டர். நீங்க கொடுத்திருக்கிறது நாற்பத்து மூணு. எந்த மூணை எடுக்கட்டும்?"

ஸ்லாவிட்சா இப்படித்தான் ஆரம்பிப்பாள். வால்யெவோ ஊர் பிளம் ஆராய்ச்சி நிலையத்தில் யார் கட்டுரை எழுதினாலும், அதன் மேற்கோள் பட்டியலைப் பத்திரிகை கேட்கிற ஒழுங்கில் அடுக்கிக் கொடுப்பது அவள் வேலை. பதினெட்டு வயதில் சந்தையில் மிளகாய் மூட்டையோடு உட்கார்ந்தவள். பேரமும் கோபமும் அங்கே படித்தது. ஒரு காற்புள்ளி கூடிப்போனாலும் சண்டைக்கு வருவாள்.

"ஒண்ணாவது விடும்மா" என்றார் டாக்டர் ஒப்ரென்.

"அரைகூட விட முடியாது."

"சரி, என்னோட பழைய கட்டுரை ரெண்டை எடுத்துரு. அந்த ஸ்பெயின்காரரையும் எடுத்துரு."

"அவர் கோவிச்சுக்க மாட்டாரா?"

"என் கட்டுரையைப் படிச்சாத்தானே கோவிச்சுக்க."

மூன்றையும் அடித்துவிட்டு ஏழாம் பக்கத்தைப் புரட்டினாள். பேனா நின்றது.

"இது என்ன? 'ஆறு டிகிரி குளிரிலும் பிளம் பூவுக்கு வண்டு வரும். யாத்ராங்கா மோரிச், நேரில் சொன்னது.' எந்தப் புத்தகத்துல இருக்கு?"

"எதுலயும் இல்ல. அவங்க இங்க வேலை பார்த்தப்ப கண்ணால பார்த்துச் சொன்னது. அச்சுல வரல."

"அப்படின்னா அவங்க கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதம் வேணும்."

ஒப்ரென் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். "யாரு சொன்னா?"

"பத்திரிகைக்காரங்கதான். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள்ள வேணும்."

"அவங்க இங்கேருந்து போய்ப் பதினாறு வருஷம் ஆச்சும்மா. கடலோரத்துல, ரியேகா ஊர்ல எங்கயோ இருக்காங்க."

"ரியேகாவுக்கு மின்னஞ்சல் போகாதா?"

"அந்த வரியே வேண்டாம். எடுத்துரு."

"தாராளமா எடுக்கலாம். அந்தக் குளிர்ல வண்டே வராதுன்னா காய் எப்படிப் பிடிச்சுதுன்னு கேப்பாங்க. என்ன சொல்லுவீங்க? கட்டுரையே அந்த வரி மேலதான் நிக்குது. மூணு வருஷ உழைப்பு. அப்புறம் உங்க இஷ்டம்."

"கல்நெஞ்சுக்காரி" என்று முணுமுணுத்துக்கொண்டே எழுந்தார்.

"காதுல விழுந்துது, டாக்டர்."

அறைக்கு வந்து உட்கார்ந்தார். பதினாறு வருஷத்துக்கு முன்னால், பஸ் கிளம்பப் பத்து நிமிஷம் இருந்தது. "போகட்டுமா, ஒப்ரென்?" என்று யாத்ராங்கா கேட்டாள். "நல்ல வேலை. விட்டுராத" என்றார் இவர். அவள் கேட்டது வேலையைப் பற்றி இல்லை என்பது, பஸ் முக்கு திரும்பிய பிறகுதான் உறைத்தது.

அதற்கப்புறம் எழுதக் காரணம் கிடைக்கவில்லை. காரணம் இல்லாமல் எழுதத் தைரியம் வரவில்லை.

'அன்புள்ள' என்று தொடங்கி அழித்தார். 'மதிப்புக்குரிய' என்று போட்டு அதையும் அழித்தார். தோட்டத்தைப் பற்றி, மழையைப் பற்றி, இன்னும் தனியாகவே இருப்பதைப் பற்றி எழுதியதெல்லாம் ஒவ்வொன்றாகப் போனது. புதன்கிழமை மாலை மிஞ்சியது இவ்வளவுதான்: 'நீங்கள் சொன்ன வண்டு விவரத்தை உங்கள் பெயரோடு சேர்க்கச் சம்மதம் வேண்டும். பத்திரிகை விதி. ஒப்ரென்.'

பத்திரிகை விதி என்ற இரண்டு சொல்லுக்குப் பின்னால் ஆள் முழுசாக ஒளிந்துகொண்டிருந்தார்.

வியாழக்கிழமை பதில் இல்லை.

"ஒரு நாள் கூடுதலாக் கேட்டுப் பாரேம்மா" என்று ஸ்லாவிட்சாவிடம் போய் நின்றார்.

"ஒரு மணி நேரம்கூடக் கிடைக்காது. அவங்க எழுதுவாங்களான்னு கவலையா, எழுதிடுவாங்களேன்னு கவலையா?"

அறைக்குத் திரும்பி மின்னஞ்சலை மறுபடியும் திறந்து பார்த்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் மின்னஞ்சலில் கையெழுத்தோடு ஒரு தாள் வந்து சேர்ந்தது. 'சம்மதம். ஆனால் ஆறு டிகிரி இல்லை, ஐந்து. அன்று தோட்டத்தில் நீங்கள் என் கையுறையையும் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தீர்கள், அதனால் குளிர் குறைவாகத் தெரிந்திருக்கும். இந்த வருஷம் பூ எப்போது?'

கடைசி வரியை நாலு தடவை படித்தார். பூ எப்போது என்று சும்மா யாரும் கேட்க மாட்டார்கள். வர நினைக்கிறவர்கள்தான் கேட்பார்கள்.

ஆறை ஐந்தாகத் திருத்தினார். பத்திரிகையின் இணையப் பக்கத்தைத் திறந்து கட்டுரையை ஏற்றினார். கடிதத்தை எங்கே இணைப்பது? மேலும் கீழும் தேடினார். அதற்கு இடமே இல்லை. அலுவலகத்துக்குப் போன் போட்டார்.

"சம்மதக் கடிதமா? அப்படி ஒரு விதி எங்ககிட்ட இல்லையே, சார். பேரும் வருஷமும் இருந்தாப் போதும்."

முகம் சிவக்க ஸ்லாவிட்சாவின் மேஜை முன்னால் போய் நின்றார்.

"விதியே கிடையாதாமே."

"கிடையாதுதான்." அவள் தலையை நிமிர்த்தவில்லை. அடுத்தவர் பட்டியலில் கமா போட்டுக்கொண்டிருந்தாள்.

"மூணு நாளா என் தூக்கத்தைக் கெடுத்தியே, எதுக்கு?"

பேனாவை மூடி வைத்தாள்.

"இதுக்கு முன்னாடி உங்களுக்குப் பதினோரு கட்டுரை அடுக்கிக் கொடுத்திருக்கேன். பதினொண்ணுலயும் எங்கயாவது ஒரு மூலையில அவங்க பேரை எழுதியிருப்பீங்க. கடைசி நாள் வந்து, 'அது வேண்டாம்மா, எடுத்துரு'ன்னு சொல்லுவீங்க. பதினோரு தடவையும் அந்தப் பேரை அழிச்சது இந்தக் கைதான், டாக்டர்."